ரீட்டா வீட்டில் எத்தனை சேவல்?

ஓய்வுபெற்ற ஆளிடம் எழுதித் தரச் சொன்னால் "எங்கள் காலத்தில்" என்று தொடங்குவான் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். எங்கள் காலத்தில் கரண்ட் போகும், ஐஸ் உருகும், மாதிரிகள் கெட்டுப்போகும். உங்கள் காலத்திலும் அதேதான் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரேயொரு கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்டுல எத்தன சேவல் இருக்கு?" என்று கேட்பதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியுமா? இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு எங்களுக்கு உண்மையான பதில் கிடைத்தது. அந்த உண்மையான பதிலால் ஒரு பெண்ணின் ஆய்வேடு கவிழப் பார்த்தது.

முதலில் என்னைப் பற்றி. நான் விஞ்ஞானி இல்லை. இரத்தத்தைக் கழுவி, கலக்கி, இயந்திரத்தில் ஏற்றி, வெளியே வரும் கோடுகளைப் படித்துச் சொல்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தராகவே ஓய்வு பெற்றேன். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவன். கோழியைப் பற்றி எனக்கிருந்த அறிவு நீண்ட காலம் புரியாணியோடு முடிந்துவிட்டது. அதைத் தாண்டி என்னை யோசிக்க வைத்தவள் நிரோஷா. அவளும் மாத்தளைதான், கலாநிதிப் பட்டத்துக்காக எங்கள் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். என் மகளின் வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் வந்த புதிதில் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டாள்.

"சேர், பெட்டக்கோழி கண்ட சேவலோடயும் சேராது. கொண்டை நல்லா செவந்திருக்கா, வால் நீளமா, கூவுறது கணீர்னு கேக்குதான்னு பாத்துத்தான் சேரும். இப்படி எத்தனையோ தலைமுறையா அழகானதையே பாத்துப் பாத்து எடுத்தா, இன்னைக்கு எல்லாச் சேவலும் ஒரே மாதிரி அழகா இருக்கணும் தானே? ஏன் இல்ல?"

என் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்துவிட்டது. இவ்வளவு காலம் மரபணுவோடு குடும்பம் நடத்தியும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. தெரிவு செய்யச் செய்ய, தெரிவு செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போக வேண்டும். ஆனால் போகவில்லை. ஒவ்வொரு அடையிலும் நல்லதும் சுமாரானதும் கலந்துதான் பொரிக்கிறது. எங்கிருந்தோ புதிய வகைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

எங்கிருந்து என்பதற்கு ஒரு பதில் உண்டு. மரபணு படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகள். பாடப்புத்தகம் இதை விகாரம் என்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, ஒன்றுமறியாத குஞ்சை அவலட்சணம் என்று திட்டுகிற மாதிரி இருக்கும். நான் புதுமாற்றம் என்றுதான் சொல்வேன். பெட்டை தன் முட்டைக்கான கருக்களைப் பெரும்பாலும் தானே முட்டையிலிருந்து வெளிவருவதற்கு முன்பே உண்டாக்கி முடித்துவிடுகிறது. சேவலோ வயதுக்கு வந்த நாளிலிருந்து விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் படியெடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பிழைவிட இடமிருக்கிறது. அப்படியானால் பெட்டைகள் தேடிவருகிற அழகான சேவல், ஓயாமல் சேருகிற சேவல், தன் குஞ்சுகளுக்குப் புதுமாற்றங்களையும் கூடுதலாகக் கொடுக்குமா? பெட்டையின் ஆசையே அடுத்த தலைமுறைப் பெட்டைகளுக்குப் புதிது புதிதாக எதையாவது உண்டாக்கி வைக்கிறதா? பாலியல் தேர்வுக்கும் புதுமாற்றங்களுக்கும் உள்ள இந்த உறவுதான் நிரோஷாவின் ஆய்வு.

அவள் இரத்தோட்டையிலும் நாவுலப் பக்கத்திலும் ஊர்க்கோழி வளர்க்கும் வீடுகளைத் தேடிப் பிடித்தாள். சில வீடுகளில் ராஜா மாதிரிச் சேவல்கள், சில வீடுகளில் சுமாரான சேவல்கள். எல்லா வீட்டிலும் ஒரே ஏற்பாடுதான். ஒரு வீட்டுக்கு ஒரு சேவல், கூட்டைச் சுற்றி நாங்கள் அடித்துக் கொடுத்த கம்பி வலை. வலையைத் தாண்டிப் பறக்காமல் இருக்க எல்லாக் கோழிக்கும் ஒரு பக்கச் செட்டையின் நீள இறகுகளை வெட்டிவிடுவோம். பிறகு தாய், தகப்பன், குஞ்சுகள் எல்லாவற்றிடமும் ஒரு சொட்டு இரத்தம்.

இயந்திரத்தில் நாங்கள் பார்ப்பது மரபணுவில் சில குறிப்பிட்ட இடங்களை மட்டும். ஒவ்வோர் இடத்திலும் குஞ்சிடம் உள்ளதில் ஒரு பாதி தாயிடம் இருக்க வேண்டும், மறு பாதி தகப்பனிடம் இருக்க வேண்டும். பல இடங்களில் பொருந்தவில்லை என்றால் தகப்பன் வேறு. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பொருந்தவில்லை என்றால் தகப்பன் சரி, அது புதுமாற்றம். இப்படித்தான் பிரிப்போம், இந்த வழக்கம் எங்களுக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறது.

இரத்தோட்டைத் தோட்டத்தில் ரீட்டா என்பவரின் வீட்டில்தான் அதிசயம் நடந்தது. ரீட்டா கொழுந்து பறிக்கிறவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தின் கடைசி வீடு, பின்னால் கொஞ்சம் நிலம், அதில் கோழிகள். அவருடைய சேவல் சுமார் ரகம். கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும், கூவினால் தொண்டை கட்டின மாதிரி இருக்கும். நிரோஷாவின் யோசனைப்படி அந்த வீட்டில்தான் புதுமாற்றங்கள் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் வேறெந்த வீட்டிலும் இல்லாத அளவுக்கு அங்கேதான் கொட்டிக் கிடந்தன.

எங்கள் பேராசிரியரை எல்லோரும் மெடம் என்போம். மெடத்துக்குத் தலைகால் புரியவில்லை. உலகமே அழகான சேவலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழகில்லாத சேவல்தான் புதுமையைக் கொண்டுவருகிறது என்றால் எவ்வளவு பெரிய செய்தி! வெளிநாட்டு ஆய்வுக் கூட்டம் ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாயிற்று. நிரோஷா போய்ப் பேச வேண்டும் என்று பதிலும் வந்துவிட்டது. நிரோஷாவின் ஆய்வேடு அதற்கு முன்பே ஒரு தடவை, குஞ்சுகள் நோய் வந்து செத்ததால் தள்ளிப்போயிருந்தது. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை ரீட்டா வீட்டுக் குஞ்சுகள்தான்.

கோடுகளைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துத் தரும் வேலை என்னுடையது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. ரீட்டா வீட்டுக் குஞ்சுகளில் வந்த புதுமாற்றங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருந்தன. பரீட்சையில் பிள்ளைகள் தாங்களாகப் பிழைவிட்டால் ஆளுக்கொரு பிழை விடுவார்கள். பத்துப் பேர் ஒரே இடத்தில் ஒரே பிழையை விட்டிருந்தால், ஒரே பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மெடத்திடம் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை, உடனே ஒரு பதில் வைத்திருந்தார். சேவல் கருவாக இருந்தபோதே அதன் உடம்பில் ஒரு பிழை நேர்ந்திருந்தால், அது பல குஞ்சுகளுக்குப் போயிருக்கலாம். அப்படி நடப்பதும் உண்டு. அவர் சொன்னதில் தவறில்லை, நான் சொன்னதிலும் தவறில்லை. இந்த மாதிரி நேரங்களில் மேசையில் இருந்து வாதாடுவது வீண். நானும் நிரோஷாவும் மறுநாள் காலையில் இரத்தோட்டை பஸ் ஏறினோம்.

ரீட்டா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீடே பரபரப்பாக இருந்தது. மறுநாள் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகப்போகிறார்களாம், வாசலில் உடுப்புகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். வலைக்குள்ளே சரிந்த கொண்டைக்காரன் தன் பெட்டைகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். வலையில் ஓட்டை இல்லை, செட்டை இறகுகள் வெட்டினபடியே இருந்தன. எல்லாம் நாங்கள் எழுதி வைத்தபடிதான்.

நான் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, கூரை மேலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படியொரு சேவலைப் பார்த்ததில்லை. நெருப்பு நிறத்தில் கழுத்து, நிமிர்ந்த கொண்டை, பச்சையும் கறுப்புமாக மினுங்குகிற வால். அது ஒருமுறை கூவிவிட்டு, இரண்டு செட்டையையும் விரித்து, எங்கள் வலைக்கு மேலால் சாவகாசமாகப் பறந்து உள்ளே இறங்கியது. சரிந்த கொண்டைக்காரன் ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொண்டான். பெட்டைகள் ஒவ்வொன்றாகப் புதியவனைச் சுற்றி வந்தன.

நிரோஷாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அக்கா, இது யார்ட சேவல்?" என்று அவள் கேட்டாள். குரல் மெல்லிசாக வந்தது.

"அதுவாங்க மிஸ்? முன்னுக்கும் நீங்க ஒருக்கா கேட்டீங்களே. அது எங்களோடது இல்லீங்க."

"பக்கத்து வீட்டுதுன்னுல்ல நான் நெனச்சேன். வலைக்குள்ள வருமுன்னு நெனக்கல்ல."

"ஐயோ, இல்லீங்க. அந்தோனியாரோடது. எங்க மெர்சிக்கு டெங்கு வந்து மாத்தள ஆஸ்பத்திரியில கண்ணத் தொறக்காம கெடந்தப்ப நேந்துவிட்டதுங்க. பிள்ள எந்திரிச்சு வந்தா, இருக்கிற குஞ்சுலயே நல்லத ஒனக்குத் தாரேன் சாமின்னு சொன்னேன். எந்திரிச்சிட்டா. அந்த அடையிலயே இதான் லட்சணமா இருந்திச்சு. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்."

"வலைக்குள்ள இருக்கிறது?"

"அதுவும் அதே அடையில பொரிச்சதுதாங்க. இது போக மிச்சத்துல அதுதான் எங்களுக்கு."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதற்குக் காரணம் என் படிப்பு இல்லை, எங்கள் வாப்பா. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுக்க ஓர் ஆட்டை ஒதுக்கிவிட்டால், அதற்குப் பிறகு யாராவது வந்து "எத்தன ஆடு நிக்கிது?" என்று கேட்டால் வாப்பா அதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார். ஆடு எங்கள் கொல்லையில்தான் நிற்கும், எங்கள் பலா இலையைத்தான் தின்னும். ஆனாலும் அது எங்களுடையது இல்லை. ரீட்டாவும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறார். அவருடைய சேவல் ஒன்று. மற்றது சாமிக்குப் போய்விட்டது. சாமியின் பொருளை அடைக்கக் கூடாது, அதனால் அது வலைக்கு வெளியே. அதில் குறை வைக்கக் கூடாது, அதனால் அதன் செட்டையை யாரும் வெட்டவில்லை. நாங்கள் எல்லாச் சேவலையும் கட்டிப்போட்டுவிட்டு, கட்டக்கூடாத ஒரேயொரு சேவலை நடுவில் விட்டிருந்தோம்.

அதோடு இரண்டும் உடன்பிறந்தவை. வேறு வீட்டுச் சேவல் என்றால் பல இடங்களில் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்திருக்கும். தம்பியின் குஞ்சு என்று எழுதி வைத்ததை அண்ணன் பெற்றிருந்தால் ஒன்றிரண்டு இடங்களில்தான் பிசகும். நாங்கள் அதைப் புதுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு கொண்டாடியிருக்கிறோம்.

விளங்குவது வேறு, உறுதிசெய்வது வேறு. அதற்கு அந்தச் சேவலின் இரத்தம் வேண்டும். நிரோஷா பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். ரீட்டா எழுந்து குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"வேணாங்க மிஸ். அது முழுசாப் போகணும்."

"ஒரு சொட்டுதான் அக்கா. மத்ததுகளுக்கெல்லாம் எடுத்தமே, ஒண்ணும் ஆகல்லியே."

"அதுக எங்களோடதுங்க, நான் சரின்னு சொன்னேன். இதுல சரின்னு சொல்ல நான் யாருங்க? பிள்ளய திருப்பித் தந்திருக்காரு. அவருக்குன்னு சொன்னதுல நான் ஊசி குத்த விட்டா, நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

மெர்சி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ரீட்டாவின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பிறகு அவர் காய்ந்த உடுப்புகளை எடுக்க உள்ளேயும் வெளியேயுமாகப் போய்வந்தார். சேவல் எங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. பயமே இல்லாத பறவை, யாரும் அதை விரட்டியதில்லை.

நிரோஷா என் காதருகே வந்தாள். "சேர், அரை நிமிஷம். செட்டைக்கு அடியில எடுத்தா அதுக்கே தெரியாது."

"எடுத்திட்டு, யார்ட்ட அனுமதி வாங்கினதுன்னு எழுதுவ?"

அவள் ஊசியைப் பைக்குள் போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் சொன்னேன், விழுந்த இறகு கிடைத்தாலும் போதும், இறகின் அடிநுனியில் இருக்கிற கொஞ்சத்திலேயே பார்த்துவிடலாம் என்று. ஆனால் புதிதாக விழுந்ததாக இருக்க வேண்டும். மழையில் கிடந்து ஊறினது உதவாது. அந்த வாரம் முழுக்க இரத்தோட்டையில் மழை.

பின்னேரம் அவள் வீட்டிலிருந்து எனக்கு அழைத்தாள்.

"சேர், நான் ஒண்ணு யோசிச்சேன். நாளைக்கு அந்தச் சேவல் போயிரும். அதோட முடிஞ்சிச்சு. நாங்க கேட்டம், அவங்க வேணாமுன்னாங்க. நாங்க செய்யக்கூடியதச் செஞ்சிட்டம் தானே? மெடம் சொன்ன மாதிரியும் இருக்கலாம். இல்லையின்னு யாராலயும் சொல்ல ஏலாது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஊசியை எடுத்தபோது அவளை எனக்குத் தடுக்கத் தெரிந்தது. இதைத் தடுக்க எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவள் சொன்ன ஒவ்வொரு வசனமும் உண்மை. யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் மாற்றி எழுதவில்லை. வேண்டாம் என்று சொன்னவரை மதித்து விலகியிருக்கிறோம், அவ்வளவுதான். நம் தொழிலில் பொய்யை விட இந்த மாதிரி ஒழுங்கான உண்மைகளைக் கண்டுதான் நான் அதிகம் பயப்படுவேன்.

"ஒண்ட ஆய்வேடு புள்ள. நீதான் சொல்லணும்" என்றேன். "நான் நாளைக்கு அவங்களோட வஹகோட்டைக்குப் போய்ப் பாக்கப்போறன். கூடைக்குள்ள அவ்வளவு தூரம் போற கோழி சும்மா இருக்காது, இறகு விழும்."

அவள் "சரி சேர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் "சரி" எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்தக் குஞ்சுகளை விட்டால் வேறு கதியில்லை என்பது எனக்குத் தெரியும்.

காலையில் மாத்தளை பஸ் நிலையத்துக்குப் போனேன். இரத்தோட்டையிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்கள் வாடகைக்குப் பிடித்த பஸ் அங்கே வந்து நின்று ஆட்களை ஏற்றும் என்று ரீட்டா சொல்லியிருந்தார். பஸ் வந்தது. நிறைந்திருந்தது. யாரோ பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியோடு ஏறின என்னைப் பார்த்து ஒருவர், "வாங்க நானா, வாங்க, அந்தோனியாரு எல்லாருக்கும் பொதுதான்" என்று இடம் விட்டார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

நடுவில் ஒரு சீட்டில் ரீட்டா, மடியில் மெர்சி. பக்கத்தில் நிரோஷா. அவள் விடியற்காலையிலேயே இரத்தோட்டைக்குப் போய் அங்கிருந்தே பஸ் ஏறியிருக்கிறாள். மூடி போட்ட பிரப்பங்கூடையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூடைக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

"என்ன புள்ள, சொகமா?" என்று மட்டும் கேட்டேன்.

"கூடை புதுசு சேர்" என்றாள் அவள். "நான் வாங்கிட்டு வந்தது. வேற கோழிட இறகு ஒண்ணும் இதுக்குள்ள இல்ல. அக்காட்ட கேட்டேன். கூடை திரும்ப எங்களுக்குத்தான்."

"விழுகிற இறகு சாமிக்குத் தேவையில்லதானுங்களே" என்றார் ரீட்டா. "கூட்டிப் போடுறதுதானே அதெல்லாம்."

நாலந்தா தாண்டி வளைவுகளில் பஸ் ஆடும்போதெல்லாம் கூடைக்குள் படபடவென்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நிரோஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாத முகம். ஒவ்வோர் இறகும் அவளுடைய கண்டுபிடிப்பிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

வஹகோட்டையில் நல்ல கூட்டம். சிங்களத்திலும் தமிழிலும் செபம் கேட்டது. ரீட்டா சேவலைக் கூடையிலிருந்து எடுத்து, கொண்டையைத் தடவி, வாலை நீவிவிட்டு, மெர்சியின் கையால் கொடுக்க வைத்தார். ஒரு குறையும் இல்லாமல் அது போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் எங்களிடம் வந்து வெறும் கூடையை நிரோஷாவின் பைக்கு மேல் கவிழ்த்துத் தட்டினார். நெருப்பு நிறத்தில் ஏழெட்டு இறகுகள் விழுந்தன.

அந்த இறகுகளை நானேதான் இயந்திரத்தில் ஓட்டினேன். அடிநுனிகள் நன்றாக இருந்தன, கோடுகள் சுத்தமாக வந்தன. நாங்கள் புதுமாற்றம் என்று குறித்து வைத்தவை எல்லாம் கூடையில் போன சேவலிடம் இருந்தன. ஒன்றைத் தவிர எல்லாம். அந்த வீட்டில் பிறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை அதனுடையவைதான். பெட்டைகள் தங்களுக்குப் பிடித்தவனைத்தான் எடுத்திருக்கின்றன. நாங்கள் வலை போட்டு, இறகு வெட்டி, ஒரு மாப்பிள்ளையைத் தீர்மானித்துக் கொடுத்தோம். அவை அதைச் சட்டையே செய்யவில்லை.

நிரோஷா கோடுகளை அச்செடுத்துக்கொண்டு மெடத்தின் அறைக்குப் போனாள். நான் வெளியே நின்றேன். உள்ளே தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெடத்தின் குரல் கேட்டது. "இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, சேருக்கு, ரீட்டா அக்காவுக்கு."

"அப்ப எழுதி அனுப்புவம்" என்றார் மெடம். "சுருக்கத்த வாபஸ் வாங்குறம்னு. நானே எழுதுறன், ஒண்ட பேர்ல போகத் தேவையில்ல." மெடம் சில நேரம் கடுகடுப்பானவர்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கடிதத்தில் தன் பெயரை மட்டும் போட்டார். அதற்காகவே அவர் மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை.

வெளிநாட்டுக் கூட்டம் கைவிட்டுப் போயிற்று. ஆய்வேடு மறுபடியும் தள்ளிப்போயிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய் நிரோஷா முதலிலிருந்து கேட்டாள். இந்தத் தடவை "உங்களிடம் எத்தனை சேவல்" என்று கேட்கவில்லை, "இங்கே கூவுவது எத்தனை, யார் யாருடையது, எது எங்கே படுக்கும்" என்று கேட்டாள். சில நாள் களைத்துப்போய் வந்து ஆய்வுகூட மேசையில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். நான் பிளேன்டீ போட்டு வைப்பேன்.

அந்த ஒன்றைத் தவிர என்றேனே, அதைச் சொல்லவில்லை.

ரீட்டா வீட்டில் காலில் நீல வளையம் போட்ட ஒரு பெட்டைக்குஞ்சு. மற்ற எல்லா இடங்களிலும் அது கூடையில் போன சேவலின் பிள்ளைதான். ஓர் இடத்தில் மட்டும் தாயிடமும் இல்லாத, அந்தச் சேவலிடமும் இல்லாத, அதன் தம்பியிடமும் இல்லாத ஒன்று இருந்தது. நான் திரும்ப ஓட்டினேன். வேறு நாளில், வேறு கையால் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அது அங்கேயே இருந்தது. தகப்பன் யார் என்று தெரியாமல் இருந்திருந்தால் அதையும் பொய்க் கூட்டத்தோடு சேர்த்து எண்ணியிருப்போம். அந்த ஒன்றை வைத்து நிரோஷாவின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதுதான். ஆனால் அது உண்மை.

அதைச் சொல்லத்தான் நாங்கள் மறுபடியும் இரத்தோட்டைக்குப் போனோம். ரீட்டா கோழிகளுக்கு அரிசிக் குருணல் போட்டுக்கொண்டிருந்தார். நிரோஷா நீல வளையத்தைக் காட்டினாள்.

"அக்கா, இந்தக் குஞ்சுக்கிட்ட மட்டும் ஒண்ணு இருக்கு. அது தாய்க்கிட்டயும் இல்ல, தகப்பன்கிட்டயும் இல்ல."

ரீட்டா சட்டென்று குனிந்து குஞ்சைப் பிடித்துத் தூக்கினார். செட்டையை விரித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலியேங்க."

"பாத்தா தெரியாது அக்கா. உள்ளுக்கு."

"நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"எதுவும் செய்யாது."

ரீட்டா யோசித்தார். மெர்சி பக்கத்தில் வந்து குஞ்சின் முதுகைத் தொட்டுப் பார்த்தது.

"தாய்க்கிட்டயும் இல்ல, தகப்பன்கிட்டயும் இல்லன்னா, அப்ப யார்க்கிட்ட இருந்துங்க வந்திச்சு?"

அவ்வளவு காலமாக நிரோஷா அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"யார்க்கிட்ட இருந்தும் வரல்ல அக்கா" என்றாள். "இதுலதான் தொடங்குது."

ரீட்டா குஞ்சை மறுபடி பார்த்தார். தூக்கியபோது ஒரு கையால் வெடுக்கென்று தூக்கியவர், இப்போது முட்டுக்காலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை மெதுவாகத் தரையில் இறக்கி விட்டார்.